கார் ரிமோட் சாவி மக்கர் பண்ணினால்: பேட்டரியா, சாவிக்கடையா, ஷோரூமா?

இரண்டு மாதத்துக்குள் எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். தேவகோட்டை நண்பருக்கு ரிமோட்டில் அன்லாக் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, லாக் ஆகிறது. பள்ளத்தூரில் ஓர் ஆச்சிக்கு ரிமோட் சுத்தமாக அணைந்துவிட்டது, உள்ளே இருக்கும் கம்பிச் சாவியைப் போட்டுத் திறந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் சிங்கப்பூரில் இருப்பவர், படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் குடும்ப வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்தவர், கானாடுகாத்தான் வீட்டில் ஐந்து மாதமாக நின்ற வண்டியின் முன்னால் நின்று ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ரிமோட் போயிருச்சு தம்பி, புதுச் சாவிக்கு ஷோரூம்ல பதினாலாயிரம் சொல்றாங்க, குடுத்துரலாமா?"

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. சிங்கப்பூர்க்காரருக்கு ரிமோட் கெடவே இல்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

எவ்வளவு செலவாகும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நான் கேட்பது: வீட்டில் வேலை செய்கிற சாவி எத்தனை இருக்கிறது? இரண்டு இருந்தால் ஒன்றைப் பிரித்து மேயலாம், கெட்டாலும் வண்டி ஓடும். ஒன்றுதான் என்றால் கதை வேறு. இப்போதைய வண்டிகளில் இம்மொபிலைசர் இருக்கிறது, அதாவது சாவிக்குள் இருக்கும் சின்னச் சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், பல் மட்டும் பொருந்தினால் போதாது. வண்டிக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது லேசான வேலை. எல்லாச் சாவியும் போன பிறகு சேர்ப்பது பெரிய வேலை: வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், சில மாடல்களில் லாக் செட்டையும் கன்ட்ரோல் யூனிட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள்.

அடுத்தது தூரம். அதிகம் விற்கும் கம்பெனிகளுக்குக் காரைக்குடியிலேயே சர்வீஸ் இருக்கிறது. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் மதுரையோ திருச்சியோதான், எந்தப் பக்கம் போனாலும் ஒரு நடைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடும் வண்டியென்றால் போக வர 12 லிட்டர், பெட்ரோலுக்கே 1,200 ரூபாய் போய்விடும். சாவியை ஆர்டர் கொடுக்க ஒரு நடை, வந்தபிறகு புரோகிராம் செய்ய, அதாவது அதை வண்டிக்கு அறிமுகப்படுத்த, இன்னொரு நடை என்றால் அது இரட்டிப்பு.

அப்புறம் நம்பிக்கை. சாவி புரோகிராம் செய்கிறவர் நினைத்தால் உங்கள் வண்டிக்கு மூன்றாவது சாவியும் செய்துகொள்ள முடியும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கடையைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் இருக்கட்டும்.

இந்த மூன்றில் முதலாவதற்குத்தான் நான் பாதி மார்க் கொடுப்பேன்.

## காசு எடுப்பதற்கு முன்: கெட்டது சாவியா, வண்டியா?

ஸ்பேர் சாவியைத் தேடி எடுங்கள். பீரோவில், லாக்கரில், சம்பந்தி வீட்டில், எங்கே இருந்தாலும் சரி. அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டும் வேலை செய்யவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு வண்டியில், அதிலும் முதல் சந்தேகம் பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மேல். (இரண்டு சாவியையும் ஒரே வருஷத்தில் வாங்கி, இரண்டிலும் பேட்டரி மாற்றாமலே வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து படுத்திருக்கவும் கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

நம் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. வண்டி வீட்டு வாசலில், ஆள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. நிறுத்தி வைத்த வண்டியிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பேட்டரி இறங்கிவிடும். ரிமோட் சரியாகவே சிக்னல் அனுப்பும், கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காது. கம்பிச் சாவியால் திறந்து, உள்விளக்கு எரியவில்லை, ஹாரன் முனகுகிறது என்றால் ரிமோட்டை விட்டுவிடுங்கள்.

புஷ் பட்டன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முகப்பில் ஆணியடித்துச் சாவியை மாட்டி வைத்து, அதற்கு நேரே இரண்டு அடியில் வண்டியை நிறுத்துகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தால் பல மாடல்களில் சாவியும் வண்டியும் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும், இரண்டு பேட்டரியும் சீக்கிரம் தீரும். சாவியை வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

கோளாறு சாவியில்தான் என்று தெரிந்துவிட்டால் அதன் நடத்தையே பாதி சொல்லிவிடும். முன்பெல்லாம் பத்து மீட்டரிலிருந்து திறந்தது, இப்போது கதவை ஒட்டி நின்றால்தான் திறக்கிறது என்றால் பேட்டரி. ஒரு பட்டன் மட்டும் சாகிறது, மற்றது வேலை செய்கிறது என்றால் அந்தப் பட்டனுக்குக் கீழே இருக்கும் குட்டி ஸ்விட்ச். நேற்றுவரை நன்றாக இருந்து திடீரென்று மொத்தமும் போனால், கீழே விழுந்ததா, தண்ணீரில் நனைந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். பிள்ளைகள் உண்மையைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும்.

ரிமோட்டைப் போன் கேமராவுக்கு முன் பிடித்து அமுக்கினால் வெளிச்சம் தெரியும், தெரியாவிட்டால் ரிமோட் கெட்டது என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு அது சரி, அது அகச்சிவப்பு. கார் ரிமோட் ரேடியோ அலையில் பேசுகிறது, நம் நாட்டில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் ஒன்றும் தெரியாது. நல்ல ரிமோட்டையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதேபோல ரிமோட்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு எரிவதை வைத்தும் ஏமாற வேண்டாம், உயிர் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி.

## முதல் வழி: நாமே பேட்டரி மாற்றுவது

பத்துக்கு ஏழு தடவை இதிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். பெரும்பாலான ரிமோட்டில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல், வாட்ச் கடையில் அந்த எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025 என்பது அதே அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க" என்று கொடுப்பார்கள், உட்காரவும் செய்யும், இரண்டு குலுக்கலில் செல்லைத் தொடும் தகட்டை விட்டு விலகிவிடும். பழைய செல்லின் முதுகில் பொறித்திருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள். 50 முதல் 100 ரூபாய் கொடுத்து, மூடிய அட்டையில் தேதி போட்டு வருவதாக வாங்குங்கள், கண்ணாடி பாட்டிலில் உதிரியாகப் போட்டு வைத்திருப்பதில் எது புதிது எது பழசு என்று கடைக்காரருக்கே தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் புது செல் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். (1953-லிருந்து பேட்டரிகளையும் ஆராயும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு செத்த பேட்டரிக்காக ஒருவர் மதுரைக்குப் போய்வந்த கதையும் எனக்குத் தெரியும்.)

பிரிக்கும்போது ஒரு வட்டிலை எடுத்து வைத்து அதற்குள் பிரியுங்கள். நான் முதல் தடவை ஊஞ்சலில் உட்கார்ந்து பிரித்தேன், தெறித்த ரப்பர் பட்டனை மாலை வரை தேடினோம். கம்பிச் சாவியை வெளியே இழுத்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் நாணயத்தையோ பழைய ஏடிஎம் கார்டையோ நுழைத்து மெதுவாகத் திருப்பினால் கூடு வாயைத் திறக்கும். ஸ்க்ரூடிரைவரைப் போட்டு நெம்பினால் பிளாஸ்டிக் பல் உடையும், சில சமயம் கீழே இருக்கும் போர்டும் சேர்ந்து கீறும். பழைய செல்லை எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். தகடு தழைந்து போயிருந்தால் நகத்தால் லேசாகத் தூக்கிவிடுங்கள், நிறையப் பேருக்குப் புது செல் போட்டும் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். பிள்ளைகள் விழுங்கக் கூடாதென்று கசப்புப் பூச்சுப் பூசிய செல்கள் இப்போது வருகின்றன, நல்ல விஷயம்தான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தகட்டோடு ஒட்டவிடாது.

பேட்டரியைக் கழற்றினால் சாவி வண்டியை மறந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பொதுவாக மறக்காது, விவரம் எல்லாம் மின்சாரம் இல்லாமலே நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் ஆபத்து ரூபாயில் வராது. கழற்றிய பழைய செல்லை மேசை மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிறு பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும், தீர்ந்துபோன செல்லுக்கும் அந்தச் சக்தி உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காத்திருந்து பார்க்கிற விஷயமே இல்லை.

## இரண்டாம் வழி: ஊரில் சாவிக்கடை, எலக்ட்ரானிக்ஸ் கடை

இவை இரண்டும் ஒன்றில்லை. பட்டன் ஸ்விட்ச் போனது, போர்டில் சால்டர் விட்டுப்போனது, தகடு உடைந்தது என்றால் போக வேண்டியது செல்போன் ரிப்பேர் செய்யும் நல்ல கைக்கு. அந்த ஸ்விட்ச் பத்து இருபது ரூபாய்ப் பொருள், வேலைக்கூலிதான் மீதி. என் வண்டிக்கே இது நடந்தது. மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்தவர் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமலே "முழுச் சாவியும் மாத்தணும் சார், ஸ்பேர் பார்ட் தனியா வராது" என்றார். ஊருக்கு வந்து செல்போன் கடையில் கொடுத்தேன். பையன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பட்டனுக்குக் கீழே இருந்த எள்ளுப் பொட்டு மாதிரிக் கறுப்புக் குமிழை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான், ஆடியது. பழைய ரிமோட் ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பெயர்த்து எடுத்து ஒட்டினான். 300 ரூபாய், ஒரு டீ குடிக்கும் நேரம். மூன்று வருஷமாக ஓடுகிறது. சர்வீஸ் சென்டர்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு உதிரியாக வருவதில்லை, அவர் அளவில் அது உண்மைதான்.

சாவிக்கடை என்பது வேறு: புதுச் சாவி வெட்டி, சிப் போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான துவாரம்) மெஷினை மாட்டி வண்டிக்குச் சொல்லிக்கொடுப்பவர். அதிகம் ஓடும் மாடல்களுக்கு இவர்கள் நன்றாகவே செய்கிறார்கள், ஷோரூம் விலையில் பாதிக்கும் குறைவு, பெரும்பாலும் அன்றே கைக்கு வரும். ஆனால் சரியான ஆளைத் தேட வேண்டும். ஆர்.சி. புக்கைக் கேட்காமல் சாவி செய்து தருகிறவர் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன், நாளைக்கு என் வண்டிக்கும் யாரோ வந்து அப்படியே கேட்கலாம் இல்லையா. வேலை நடக்கும்போது வண்டியில் ஒயரை வெட்டி இம்மொபிலைசரையே தாண்டிவிடலாம் என்று யோசனை சொன்னாலும் வேண்டாம், வாரன்டியும் போகும், திருட்டுக்குப் பாதுகாப்பும் போகும். பில் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காரணம் கீழே வருகிறது.

ரிமோட்டை ரிமோட்டுக்கு முன்னால் பிடித்துக் "காப்பி" எடுத்துத் தரும் 500 ரூபாய்ச் சமாசாரம் வாசல் கேட் ரிமோட்டுக்கும் பழைய அலாரத்துக்கும் சரி. இப்போதைய கார்களில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோட் மாறும், காப்பி எடுத்தது செல்லாது.

## மூன்றாம் வழி: ஷோரூம்

சாதாரண ரிமோட் சாவிக்கு நான்கைந்து ஆயிரத்தில் தொடங்கும், புஷ் பட்டன் என்றால் பதினாயிரத்தைத் தாண்டுவது சகஜம். ஆர்.சி., அடையாள அட்டை, இருக்கிற சாவி எல்லாம் கேட்பார்கள். ஆர்டர் போட்டு வருவதற்குச் சில நாளிலிருந்து சில வாரம் வரை. எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, பல மாடல்களில் புரோகிராம் செய்யும்போது முன்னால் வைக்காத சாவி பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஸ்பேரை வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய், புதுச் சாவியோடு திரும்பி வந்து, ஸ்பேர் செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

வண்டி வாரன்டியில் இருக்கிறது, புஷ் பட்டன் மாடல், கையில் ஒரே சாவிதான், அல்லது ஒன்று தொலைந்து அதை வண்டியின் நினைவிலிருந்து அழிக்க வேண்டும்: இந்த நிலைமைகளில் விலையைப் பார்க்காமல் ஷோரூமுக்கே போகலாம். இன்சூரன்ஸில் சாவி மாற்றுவதற்கான கூடுதல் கவர் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், பலர் பணம் கட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். தொலைந்ததற்கும் திருட்டுக்கும்தான் அது பொதுவாக உதவும், பேட்டரி தீர்ந்ததற்கு உதவாது.

## ஆன்லைனில் கூடு, ரிமோட்

கூடு உடைந்து உள்ளே போர்டு நன்றாக இருந்தால் சில நூறு ரூபாயில் வெறும் கூடு வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை. பழைய கூட்டின் ஓரத்தில் புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு, அல்லது அரிசி போலக் கண்ணாடிக் குப்பி, தனியாக ஒட்டியிருக்கலாம். அதுதான் இம்மொபிலைசர் சிப். போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. முழு ரிமோட்டை ஆன்லைனில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அலைவரிசையும் சிப் வகையும் பொருந்தாமல் போனால் திருப்பி அனுப்பும் வேலை வேறு.

## ஒன்றும் செய்யாமல் கம்பிச் சாவியோடு ஓட்டுவது

பள்ளத்தூர் ஆச்சி கேட்டது இதைத்தான். "தொறக்குது, ஓடுது, அப்புறம் எதுக்குப்பா ரிமோட்டு? எங்க அப்பத்தா வீட்டுச் சாவி ஒரு சாண் நீளம், அதுல என்ன பட்டனா இருந்துச்சு?" காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரிச் சாவிகள் இன்னும் தொங்குகின்றன, அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சாவி போட்டுத் திருகும் வண்டியில் இது நடக்கும். சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருளிலிருந்தே அதற்குச் சக்தி வந்துவிடும். புஷ் பட்டன் வண்டியிலும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அமுக்கினாலோ, அதற்கென்று இருக்கும் இடத்தில் வைத்தாலோ ஸ்டார்ட் ஆகும், எந்த இடம் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

ஆனால் இதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. ரிமோட்டில் பூட்டிவிட்டுக் கம்பிச் சாவியில் திறந்தால் சில வண்டிகளில் அலாரம் அலறும், சாவியைப் போட்டு ஆன் செய்தால்தான் அடங்கும். குன்றக்குடியில் மலையிறங்கி வந்து கார் நிறுத்துமிடத்தில் எனக்கு அப்படி ஆனபோது பூக்காரம்மா முதல் காவலாளி வரை என்னைத்தான் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் தொடாத கதவுத் துவாரத்தில் நம் ஊர்ச் செம்மண் புழுதி ஏறியிருக்கும், அதற்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், புழுதியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி நாலு தடவை போட்டு எடுத்தால் போதும்.

பெரிய செலவு இன்சூரன்ஸில் இருக்கிறது. வண்டி திருடுபோய் கிளைம் போட்டால் கம்பெனி முதலில் கேட்பது எல்லாச் சாவியையும். ஒன்று குறைந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். அதனால் செத்துப்போன ரிமோட்டைத் தூக்கி எறியாதீர்கள், டூப்ளிகேட் செய்திருந்தால் பில்லோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போதும் அப்படித்தான், ஒற்றைச் சாவி என்றதும் வாங்குபவர் பேரத்தைத் தொடங்கிவிடுவார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | செலவு (ஏறக்குறைய, ரூபாயில்) | நேரம் | ஒளிந்திருப்பது | எப்போது |
|---|---|---|---|---|
| நாமே பேட்டரி | 50–100 | பத்து நிமிடம் | உடையும் கூடு, பிள்ளைகள் | ரிமோட் எட்டும் தூரம் குறைந்துகொண்டே வந்தால் |
| செல்போன் ரிப்பேர் கடை | சில நூறு | அன்றே | போர்டு கெடலாம் | ஒரு பட்டன் மட்டும் போனால், ஸ்பேர் இருந்தால் |
| சாவிக்கடை | ஷோரூமில் பாதிக்கும் குறைவு | பெரும்பாலும் அன்றே | நம்பிக்கை, வாரன்டி | பழைய வண்டி, இரண்டாவது சாவி வேண்டும் |
| ஷோரூம் | 4,000 முதல் 10,000-க்கு மேல் | நாள் முதல் வாரம் | பயணம், மறந்துவிட்ட ஸ்பேர் | ஒரே சாவி, புஷ் பட்டன், வாரன்டி |
| கம்பிச் சாவி | ஒன்றுமில்லை | – | அலாரம், இன்சூரன்ஸ் | இன்னொரு சாவி நல்ல நிலையில் இருந்தால் |

## அந்த மூன்று பேர்

தேவகோட்டை நண்பர் ஸ்பேர் இருப்பதால் செல்போன் கடைக்குப் போனார், ஸ்விட்ச் மாற்றினார்கள், முடிந்தது.

ஆச்சிக்கு பேட்டரி மாற்றிப் பார்த்தோம், அசையவில்லை. போர்டில் தண்ணீர் போயிருக்கிறது. ஸ்பேர் எங்கே என்று கேட்டால் "அது மக கல்யாணத்தப்பவே காணமே" என்றார். அதாவது அந்த வண்டிக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாவி, பட்டன் செத்த அந்த ஒன்றுதான். நல்ல வேளை, சிப் உயிரோடு இருக்கிறது. ரிமோட்டை ரிப்பேர் செய்ய யாரிடமும் கொடுக்க வேண்டாம், முதலில் அதை வைத்து இன்னொரு சாவி சேர்த்துவிடுங்கள், தொலைந்ததை அழிக்கவும் சொல்லுங்கள், அப்புறம் இதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றேன். ஷோரூமில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். இன்னும் வரவில்லை, வரும்வரை இருக்கிற ஒன்றைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

சிங்கப்பூர்க்காரர் வண்டிக்குப் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தோம், ரிமோட் முதல் அமுக்கிலேயே வேலை செய்தது. பேட்டரிக்கு ஐந்து வயது, அதை மாற்றினார். சிங்கப்பூருக்குக் கிளம்பும் அன்று பானெட்டைத் திறந்து 10-ஆம் நம்பர் ஸ்பானரால் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவைத்தோம், கதவைக் கம்பிச் சாவியால் பூட்டினோம். பானெட்டை மூடுவதற்கு முன் ஸ்பானரை உள்ளேயே வைக்கப் போனார். கதவு திறக்காவிட்டால் பானெட்டும் திறக்காதே என்று சொல்லி அதை வாங்கி, சாவியோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டி, வீட்டுக் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.